காட்பாடி சதுரங்கப் பயிற்சி வகுப்பு: ஓராண்டு அனுபவம்
காட்பாடியில் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் என் மகள் ஓராண்டாகப் பயில்கிறாள். வெள்ளை தன் சிப்பாயை ஈ4 கட்டத்துக்கு நகர்த்தித் தொடங்கினால், கறுப்பு தன் சிப்பாயை சி5 கட்டத்துக்கு நகர்த்திப் பதிலளிக்கும் சிசிலியன் தற்காப்பை, அதிலும் ஐந்தாம் நகர்த்தலில் கறுப்பு ஓரச் சிப்பாயை ஏ6 கட்டத்துக்கு நகர்த்தும் நைடோர்ஃப் முறையை, மனப்பாடமாகத் திணிக்காமல், பி5 கட்டத்தில் வெள்ளைக் குதிரையோ மந்திரியோ வந்து அமராதபடி அந்தச் சிறு சிப்பாய் காவல் நிற்கிறது என்று காரணத்தோடு விளக்குகிறார்கள்.

சென்ற மாதம் வேலூரில் நடந்த போட்டியில் இதே தற்காப்பை ஆடியவள், சி3 கட்டத்துக் குதிரையை வீழ்த்த யானையையே துணிந்து கொடுத்து வென்றாள். மறுநாள் ஆசிரியர் அவளுடைய ஆட்டத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகர்த்தலையும் பொறுமையாக ஆராய்ந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

இருபது பிள்ளைகளுக்கு மூன்றே கடிகாரங்கள் இருப்பதால், நேர நெருக்கடியில் ஆடிப் பழக வாய்ப்பு குறைகிறது; அதை அவர்கள் அவசியம் சரிசெய்ய வேண்டும்.