மின்விசிறி இல்லாத வீட்டில் ஒரு ஜோடி கணினி ஸ்பீக்கர்

கண்டியில் 52,000 ரூபா கொடுத்து வாங்கிய கணினி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அடி ஒலிக்கு நான்கு அங்குல வூஃபர், உயர் ஒலிக்கு ஓர் அங்குல ட்வீட்டர், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒலியைப் பெருக்க அதற்குரிய ஆம்ப்ளிஃபயர். இந்த விலைக்கு மனிதக் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பாட்டை நிறுத்தியதும் இரண்டு பெட்டிகளிலிருந்தும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய இரைச்சல் வருகிறது. அடுப்பில் வைத்த கேத்தல் கொதிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எழுப்பும் ஒலியைப் போல, விடாமல். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த விலை வரிசையில் இந்த இரைச்சல் பரவலாக இருக்கிறது. எந்தப் பெயரை வாங்கினாலும் கீழே சொல்லும் சோதனைகள் பயன்படும்.

என் வேலையைச் சொன்னால்தான் இந்த இரைச்சல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அலுமாரிகளுக்குள் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்றி வருகிறேன். ஒப்பாரி, தாலாட்டு, மாசி மாதத்துக் காமன் கூத்து, கொழுந்து மலையில் பாடிய பாட்டு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. பாடிய பாட்டிமாரில் பலர் இப்போது இல்லை. பல குரல்களுக்கு அந்த ஒரு நாடாவை விட்டால் வேறு பிரதி கிடையாது.

கேசட்டுக்கென்று சொந்த இரைச்சல் ஒன்று உண்டு. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த இந்த நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. ஒலி பதியும் தடமும் மிக ஒடுங்கியது. அதனால் காந்தத் துகள்களின் இரைச்சல் பாட்டோடு சேர்ந்தே வரும். அடாசிட்டி போன்ற மென்பொருளில் அதைக் குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது என்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும். அளவு மீறினால் இரைச்சலோடு எழுத்தும் போய்விடும். ஒப்பாரியில் ‘ராசாவே’ என்று ஒரு தாய் இழுக்கும்போது அந்தச் ‘சா’வின் கூர்மை நாடாவின் இரைச்சல் இருக்கும் அதே உயர் அலைவரிசைகளில்தான் இருக்கிறது. வெட்டு ஆழமானால் ‘ராஆவே’ என்று மழுங்கிய குரல் மிஞ்சும். நாடாவின் இரைச்சலைக் கேட்டு அளவெடுக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர் தன் இரைச்சலையும் கலந்தால் எதை வெட்டுவது, எதை விடுவது?

கடையில் இந்த இரைச்சல் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. கண்டி நகரின் நடுவே, வீதியைப் பார்த்துத் திறந்த கடை. தலைக்கு மேலே மின்விசிறி, வாசலில் பஸ் ஹார்ன். விற்பனைப் பையன் ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டிவிட்டு, “ஒரு சத்தமும் இல்லையே, மிஸ்” என்றார். அவர் சொன்னது அந்த இடத்துக்கு உண்மை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களும் இதே ஸ்பீக்கரைப் பற்றி “இரைச்சலே கிடையாது” என்று மனமறிந்துதான் சொல்வார்கள். அங்கே மின்விசிறி ஓடாத அறை அபூர்வம். எங்கள் வீட்டில் மின்விசிறியே இல்லை. இந்தக் குளிருக்கு எதற்கு? பொழுது சாய்ந்தால் ஜன்னலையும் சாத்திவிடுவோம். பத்து மணிக்கு மேல் நாய் குரைத்தால் உண்டு, இல்லாவிட்டால் சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வதுகூடக் கேட்கும். அப்படிப்பட்ட அறையில் ஸ்பீக்கரின் இரைச்சல் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் விழும் இரவுகளில் அதே ஸ்பீக்கர் குற்றமற்றதாகிவிடுகிறது! மலைநாட்டில் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் மற்ற ஊர்க்காரர்களின் மதிப்புரையைப் படிக்கும்போது, அதை எழுதியவரின் அறையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் யோசியுங்கள்.

சரி, இது இயல்பா, பழுதா? இயல்புதான். மின்தடை எதிலும் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன; அந்த அலைச்சல் ஒரு நுண்ணிய மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. 1928இல் ஜோன்சன் என்ற இயற்பியலாளர் அதை அளந்து காட்டினார், நைக்விஸ்ட் என்பவர் அதற்குக் கணக்கு எழுதினார். 10,000 ஓம் மின்தடை ஒன்று, நாம் கேட்கக்கூடிய அலைவரிசை முழுவதிலும் சேர்த்து, ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே உண்டாக்கும். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதையும், தன் டிரான்சிஸ்டர்கள் சேர்க்கும் இரைச்சலையும் ஆம்ப்ளிஃபயர் பல மடங்கு பெருக்கி ட்வீட்டருக்குக் கொடுக்கிறது. குளிர் ஊரில் குறையாதா என்று கேட்கலாம். கொழும்பின் 28 பாகைக்கும் நுவரெலியாவின் 16 பாகைக்கும் நமக்குப் பெரிய வித்தியாசம். ஆனால் இந்த இரைச்சல் முழுப் பூச்சியத்திலிருந்து எண்ணும் கெல்வின் கணக்கைப் பின்பற்றுகிறது; அதில் அவை 301, 289. இரைச்சலின் வலு நூற்றுக்கு நான்கு பங்குதான் குறையும். எந்தக் காதுக்கும் அது தெரியாது.

சாதாரண வீட்டு ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயருக்கும் ட்வீட்டருக்கும் இடையே மின்தடையும் மின்தேக்கியும் இருந்து ஒலியோடு இரைச்சலையும் சற்று அடக்கிவிடும். என்னுடையதைப் போன்ற பெட்டிகளில் ட்வீட்டருக்கென்றே தனி ஆம்ப்ளிஃபயர், அதுவும் நேரடி இணைப்பு. குரலின் தெளிவுக்கும் இரைச்சலுக்கும் ஒரே அமைப்புத்தான் காரணம். இது எனக்கு வருத்தம் தருகிற உண்மை, ஆனாலும் உண்மை.

ஆனால் ‘இயல்பு’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி வாங்கியவரை அனுப்பிவிடக் கூடாது. இயல்பான இரைச்சலுக்கும் ஓர் எல்லை வேண்டும். ஹட்டனில் ரேடியோ திருத்தும் பெரியவர் ஒருவரிடம் பெட்டிகளைக் கொண்டுபோனேன். சிறிய கடை, சுவர் முழுக்கத் திறந்து கிடக்கும் ரேடியோக்கள். அவர் முதலில் செய்தது கணினியிலிருந்து வரும் வயரைக் கழற்றியதுதான். “இப்போதும் கேட்கிறதா, மகள்?” கேட்டது. ஸ்பீக்கரின் ஒலியளவுக் குமிழை முழுவதும் குறைத்தார். அப்போதும் மாறாமல் கேட்டது. “அப்படியென்றால் கணினியில் குற்றமில்லை. குமிழுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் போடுகிற சத்தம் இது. குமிழைத் திருப்பத் திருப்பக் கூடினால் வேறு கதை.” பிறகு இரண்டு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதருகே பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே அளவு. ஒன்றில் மட்டும் அதிகமாக இருந்தாலோ, நடுநடுவே வெடித்து வெடித்துக் கேட்டாலோ, சூடேற ஏற வளர்ந்தாலோ அது பழுது என்றார். பெட்டியைத் திறக்க அவர் சம்மதிக்கவில்லை. “திறந்தால் உத்தரவாதம் போய்விடும். திறந்தாலும் இதைக் குறைக்க வழியில்லை.” கூலியும் வாங்கவில்லை. இப்படி ஒரு மனிதர் இருக்கும்வரை ஹட்டனில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்க வேண்டியதில்லை.

நானாகச் செய்துபார்த்தவற்றில் மிகவும் பயன்பட்டது தூரம். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் வரை குறையும். மேசையின் முன்விளிம்பில், முகத்திலிருந்து அரை மீட்டரில் வைத்திருந்தபோது இரவில் இரைச்சல் துல்லியமாகக் கேட்டது. மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, பெட்டிகளைப் பின்னால் தனிப் பலகையில் ஏற்றி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக்கியதும், தேடினால்தான் கேட்கிறது. பின்பக்கத்தில் உயர் ஒலியைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது; அதை அழுத்தினால் பாட்டு மங்குகிறது, இரைச்சல் அசையவில்லை. அந்தப் பொத்தானும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருப்பதுதான் காரணம். விலை கூடிய பேலன்ஸ்டு வயர் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் காசை எடுக்க வேண்டாம். அது வெளியிலிருந்து வயரில் புகும் சத்தத்தைத் தடுக்கும். பெட்டிக்குள்ளேயே பிறக்கும் சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

குமிழோடு சேர்ந்து கூடும் இரைச்சல் உள்ளவர்களுக்கு வைத்தியம் எளிது. கணினியின் ஒலியளவை உச்சத்தின் அருகே வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் குமிழைக் குறைத்துக் கேளுங்கள். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் அது கணினிக்குள்ளிருந்து வருவது. வெளியே செருகும் சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்ட் பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும்.

உறுமல் வேறு சங்கதி. ‘ம்ம்ம்’ என்று அடிக்குரலில் வந்தால் அது நம்முடைய 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். கணினியும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக் பொயின்ட்டுகளில் இருந்தால் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி உறுமும். இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எர்த் வயரே இழுக்காத பொயின்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் ஸ்பீக்கரை விடுங்கள், முதலில் மின்வேலை தெரிந்தவரை அழைத்து எர்த் போடுங்கள். உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுவதும், சதுரப் பொயின்ட்டின் மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு பின் பிளக்கைச் செருகுவதும் உயிரோடு விளையாடும் வேலை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இந்த ஜோடியில் என்னை உண்மையாகவே சினப்படுத்தியது வேறொன்று. சில நிமிடம் ஒலி வராவிட்டால் ஸ்பீக்கர் தானாக உறங்கிவிடுகிறது. மின்சாரம் மிச்சம்தான், இரைச்சலும் அப்போது நிற்கிறது. ஆனால் மெல்லிய குரலில் தொடங்கும் தாலாட்டைப் போட்டால் விழித்துக்கொள்ளத் தாமதித்து, முதல் சொல்லை விழுங்கிவிடுகிறது. ‘ஆராரோ’வில் பாதி ‘ரோ’தான் வருகிறது. இந்த உறக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியும் இல்லை. இதை அட்டையில் எங்கேயும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். இரைச்சலைப் பற்றியும் ‘சிக்னல்–நொய்ஸ்’ விகிதம், அதாவது ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், என்று ஓர் எண்ணை மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணால் நமக்குப் பயன் குறைவு. ஒரு மீட்டர் தூரத்தில் பெட்டியின் சொந்த இரைச்சல் எத்தனை டெசிபெல் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அந்த எண் இருக்கும் பெட்டியையே நாடுங்கள்.

அப்படியானால் வாங்கலாமா? பகலில் பாடம் கேட்க, செய்தி கேட்க, பாட்டுக் கேட்க, படம் பார்க்க என்றால் தயங்காமல் வாங்கலாம்; குரலின் தெளிவுக்கே இந்த விலை தகும். பறையின் அடி மட்டும் கொஞ்சம் மெலிந்து கேட்கும், நான்கு அங்குலத்தில் அதற்கு மேல் கேட்க முடியாது. கேசட் சுத்தம் செய்வதுபோல நுணுக்கமான வேலைக்கு, இரவில், இதை மட்டும் நம்பாதீர்கள். நான் வெட்டின் அளவை மூடிய ஹெட்போனில் முடிவுசெய்துவிட்டு, முழுப் பாட்டையும் இந்த ஸ்பீக்கரில் போட்டு, பாடியவரின் மகளையோ பேத்தியையோ அழைத்துக் கேட்கச் சொல்கிறேன். குரல் அவர்களுக்கு அடையாளம் தெரிந்தால் அந்தப் பிரதியைச் சேமிக்கிறேன்.

வாங்கும்போது கடையின் பின்னறையில், கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், இத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கினிகத்தேனை வழியாக பஸ்ஸில் குலுங்கி வரும் பொருள் என்பதால் உள்ளே இருக்கும் தெர்மோகோலையும் அட்டைப் பெட்டியையும் எறியாமல் வையுங்கள். அவை இல்லாமல் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை.