கிட்டா, பார்க்கரா? 2003-இல் ஸ்பர்ஸ் அணி எதிர்கொண்ட கேள்வி

2003 ஜூன் 15 அன்று நியூ ஜெர்சி நெட்ஸ் அணியை 88-77 என்று வென்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் கோப்பையைக் கையில் எடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அடுத்த சில வாரங்களுக்குள்ளாகவே, தான் தோற்கடித்த அதே அணியின் பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவரைத் தன் பக்கம் இழுக்கப் பேச்சு நடத்தியது. அவர் ஜேசன் கிட், வயது 30. ஸ்பர்ஸில் அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் டோனி பார்க்கர், வயது 21. கோப்பையை வென்ற அணி ஒன்று, வென்றவனை ஓரம் தள்ளிவிட்டுத் தோற்றவனை முதல் ஐவரில் நிறுத்த நினைத்தது என்பது மேலோட்டமாகப் பார்த்தால் விந்தையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு ஆட்டங்களைப் பார்த்தவர் எவரும் அதை விந்தை என்று சொல்லவில்லை.

இருபது ஆண்டுக்கு மேல் பழகிப்போன இந்த வழக்கை நான் இப்போது தூசி தட்டுவதற்குக் காரணம் குன்னூரில் இருக்கிறது. மாலையில் நான் பயிற்சி கொடுக்கும் பையன்களில் இரண்டு பேர் பாயின்ட் கார்ட் இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். ஒருவன் நின்ற இடத்திலிருந்தே மைதானத்தின் மறுகோடிக்குப் பந்தை அளந்து போடுவான்; மற்றவன் பாஸ் அவ்வளவாகப் போடமாட்டான், ஆனால் தன்னைக் காப்பவனை ஒரே எட்டில் தாண்டிவிடுவான். இவர்களில் யாரை ஃபர்ஸ்ட் ஃபைவில் இறக்குவது என்ற பேச்சு சேட்டன் கடையில் வந்தபோது, வர்க்கியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த அண்ணன் (ராணுவத்தில் இருந்த காலம் முழுக்கக் கூடைப்பந்து ஆடியவர், எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்) ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார்: "கிட்டை எடுக்காம விட்டானுங்களே, அதே தப்பை நீயும் பண்ணாத தம்பி." அன்று இரவே 2003 இறுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் கிட்டின் பக்கம். 2000-01 பருவத்தில் நெட்ஸ் வென்றது 26 ஆட்டங்கள் மட்டுமே. ஸ்டீபன் மார்பரியைக் கொடுத்துவிட்டு ஃபீனிக்ஸிலிருந்து கிட்டை வாங்கிய அடுத்த பருவத்தில் அதே அணி 52 ஆட்டங்களை வென்று இறுதிச் சுற்றுக்கு வந்தது. லேக்கர்ஸிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது வேறு கதை. அடுத்த ஆண்டும் இறுதிச் சுற்று. ஒரே ஒரு ஆட்டக்காரரின் வருகையால் ஓர் அணி இவ்வளவு தூரம் ஏறிய உதாரணங்கள் அதிகம் இல்லை. 2002-03 பருவத்தில் அவருடைய சராசரி 18.7 புள்ளிகள், 8.9 அசிஸ்ட்கள் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்கள்), அசிஸ்ட் கணக்கில் அந்த ஆண்டு லீகிலேயே அவர்தான் முதலிடம். அதே பருவத்தில் பார்க்கருக்கு 15.5 புள்ளிகள், 5.3 அசிஸ்ட்கள்.

எண்களைவிட, அவர் ரீபவுண்ட் எடுக்கும், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆறு அடி நான்கு அங்குல உயரத்தில் இருந்துகொண்டு நெடியவர்களுக்கு நடுவே புகுந்து பந்தைப் பறிப்பார். கால் தரையைத் தொடுவதற்கு முன்பே தலை எதிர்ப்பக்க வளையத்தை நோக்கித் திரும்பியிருக்கும். தரையில் இரண்டு முறை தட்டுவதற்குள் பந்து அவர் கையை விட்டுப் போயிருக்கும், அதைப் பிடிக்கக் கென்யன் மார்ட்டினோ ரிச்சர்ட் ஜெஃபர்சனோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார்கள். மற்ற அணிகளில் ரீபவுண்ட் எடுத்த நெட்டையன் பாயின்ட் கார்டைத் தேடிப் பந்தைக் கொடுக்கும் அந்த ஒரு நொடி, கிட்டின் அணியில் செலவாவதில்லை.

குறை அவருடைய ஜம்ப் ஷாட், அதாவது தூரத்திலிருந்து எம்பிப் போடும் ஷாட். ஜேசன் என்ற பெயரிலிருந்து ஜம்ப் ஷாட்டுக்குரிய 'J' என்ற முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அவரை 'ஏசன்' கிட் என்று அமெரிக்க ரசிகர்கள் கிண்டல் செய்தது உண்டு. அவருடைய மொத்த ஆட்ட வாழ்வின் ஷூட்டிங் சராசரி 40 சதவீதம். வேகமாக ஓடும் அணியில் இந்தக் குறை மறைந்துவிடும், ஏனென்றால் அங்கே நின்று குறிபார்க்க வேண்டிய தேவையே குறைவு. மெதுவாக ஆடும் அணியில் மறையாது. இந்த ஒப்பீடு முழுவதற்கும் இதுதான் அச்சாணி என்பது என் எண்ணம். அண்ணன் இதை ஏற்பதில்லை.

இனிப் பார்க்கர். என்.பி.ஏ. அணிகள் புதியவர்களை வரிசையாக எடுக்கும் 2001 தேர்வில் 28-ஆவது ஆளாக வந்தவர். அவருடைய முதல் சோதனைப் பயிற்சி பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சுக்குப் பிடிக்கவில்லை; உதவியாளர்கள் வற்புறுத்தியதால் இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். அப்படி நூலிழையில் உள்ளே வந்த பையன், 19 வயதில், முதல் பருவம் தொடங்கிய சில ஆட்டங்களிலேயே முதல் ஐவரில் இடம்பிடித்தார். அவரிடம் இருந்த பெரிய சொத்து வேகம். பிக் அண்ட் ரோலில், தன்னைக் காப்பவனுக்குக் குறுக்கே திரையாக நிற்கும் சக ஆட்டக்காரரைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்ததும், நெடிய தடுப்பாளர் கையை உயர்த்தி முன்னே வருவதற்குள், ஓடுகிற ஓட்டத்திலேயே ஒற்றைக் கையால் பந்தை வாழைத்தார் வளைவில் மேலே அனுப்பிவிடுவார். ஃப்ளோட்டர் என்று நாம் சொல்லும் அந்த ஷாட்டை அவர் அளவுக்குத் தொழிலாக வைத்துக்கொண்டவர்கள் குறைவு. அவரும் அப்போது தூரத்திலிருந்து நம்பிக்கையாகப் போடுகிறவர் அல்லர் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இன்று ஆடியது நாளை வராது. ஒரு நாள் சிங்கம், மறுநாள் காணாமல் போய்விடுவார். பாப்போவிச் அவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டதும், ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்காரவைத்ததும் அந்த நாட்களில் வாடிக்கை.

நேருக்கு நேர் மோதிய ஆறு ஆட்டங்களில் இது அப்படியே தெரிகிறது. இரண்டாவது ஆட்டத்தில் கிட் 30 புள்ளிகள் எடுத்து, ஸ்பர்ஸின் சொந்த மைதானத்திலேயே 87-85 என்று வென்று கொடுத்தார். மூன்றாவதில் பார்க்கர் 26 புள்ளிகள் எடுத்து, 84-79 என்று அதற்குப் பதில் சொன்னார். அன்று கிட் அவரைத் துரத்தியே களைத்தார். ஐந்தாவதில் மறுபடி கிட்டுக்கு 29, ஆனால் வெற்றி ஸ்பர்ஸுக்கு. தனி ஆளாக எடைபோட்டால் கிட்டின் தட்டுதான் தாழ்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஆறாவது ஆட்டத்தில் நடந்ததை இருவரில் யாருடைய கட்சிக்காரரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான்காம் கால் பகுதியில் நெட்ஸ் 72-63 என்று முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து ஸ்பர்ஸ் தொடர்ச்சியாக 19 புள்ளிகள் எடுத்தது. நெட்ஸுக்கு அந்த இடைவெளியில் ஒன்றுமில்லை. ஸ்பர்ஸின் நட்சத்திரம் டிம் டங்கன் அன்று 21 புள்ளிகள், 20 ரீபவுண்ட்கள், 10 அசிஸ்ட்கள், 8 பிளாக்குகள் (எதிராளியின் ஷாட்டைக் கையால் தடுப்பது) எடுத்ததால் மற்றதெல்லாம் மறந்துபோனது. அந்த நேரத்தில் பந்தைக் கொண்டுபோனவர் பார்க்கர் அல்லர், ஸ்பீடி கிளாக்ஸ்டன். ஐந்து அடி பதினோரு அங்குலம், முழங்கால் காயத்தால் பருவத்தின் பாதிக்கு மேல் ஆடாதவர், பெஞ்சிலிருந்து வந்து 13 புள்ளிகள் எடுத்தார். கோப்பை வென்ற கடைசி நிமிடங்களில் பார்க்கர் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டைத் தேடிப் போகும் எண்ணம் ஸ்பர்ஸுக்கு வலுத்ததற்கு இந்த ஒரு காட்சியே போதுமான காரணம் என்பார்கள். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. கிளாக்ஸ்டன் அன்று செய்தது என்ன? பெரிய சாதுரியம் எதுவும் இல்லை. பந்தைத் தவறவிடாமல் கொண்டுபோனார், டங்கனிடம் கொடுத்தார், டங்கன் மேல் இரண்டு பேர் விழுந்தபோது காலியான இடத்தில் நின்று வாங்கிப் போட்டார். டங்கன் இடப்பக்கம் வளையத்தை ஒட்டி நின்று, பலகையில் பட்டு உள்ளே விழும்படி பந்தைப் போடும் அந்த ஆட்டத்துக்குப் பாயின்ட் கார்டிடமிருந்து வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்று வேண்டுமென்றால், டங்கன் களைத்திருக்கும் நேரத்தில் தானாகவே உள்ளே புகுந்து புள்ளி எடுக்கத் தெரிந்தவன் வேண்டும். முதல் வேலைக்குக் கிளாக்ஸ்டனே போதும், இரண்டாவது வேலைக்குப் பார்க்கரின் கால்கள் வேண்டும். கிட்டின் மேதைமை வெளிப்படுவது இவை இரண்டிலும் அல்லாத மூன்றாவது இடத்தில், ஓட்டத்தில். பந்தைப் பாதி மைதானத்தில் நிறுத்தி, இருபது நொடி யோசித்து ஆடும் அணியில் அவரை நிறுத்துவது, கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரரை வரவழைத்துவிட்டுத் தாளம் மட்டும் போடச் சொல்வதைப் போன்றது.

எங்கள் மைதானத்தில் ஐப்பசி பிறந்ததும் இதே பாடத்தை மூடுபனி நடத்துகிறது. சாயங்காலம் நாலரை மணிக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் வெள்ளைத் திரை, பத்து நிமிடத்தில் எதிர்ப்பக்க வளையத்தை விழுங்கிவிடும். சிமெண்டுத் தரை வேர்த்தது போல ஈரமாகிவிடும், பந்து கையில் வழுக்கும். அந்த நேரத்தில் நீளப் பாஸ் போடுகிற பையனுக்கு ஆள் தெரியமாட்டான். ஆள் தெரிந்தாலும் பந்து அவன் கையில் நிற்காது. ஓடிப் போய் லே அப் போடுகிறவன் சறுக்கினாலும் நாலு முறையில் இரண்டு முறை வளையத்தை எட்டிவிடுகிறான். பனி இல்லாத பங்குனி மாதத்தில் கணக்கு தலைகீழ். கிட்டுக்கு டங்கன்தான் மூடுபனி என்று கடையில் சொன்னபோது அண்ணன் சிரித்தார். டங்கனை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்றார்.

பணக் கணக்கையும் விட்டுவிட முடியாது. டேவிட் ராபின்சன் ஓய்வு பெற்றதால்தான் சம்பள வரம்புக்குள் கிட்டுக்கு இடம் கிடைத்தது. கிட் கடைசியில் நெட்ஸிலேயே தங்கி, ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அதே ஸ்பர்ஸ் 2004-இல் மானு ஜினோபிலிக்கு ஆறு ஆண்டுக்கு 5.2 கோடி, பார்க்கருக்கு ஆறு ஆண்டுக்கு 6.6 கோடி என்று கொடுத்தது. கிட் ஒருவருக்குப் போயிருக்கும் தொகையோடு சற்றே சேர்த்து இருவரைத் தக்கவைத்துக்கொண்டார்கள். கிட் வந்திருந்தால் இந்த இருவரில் ஒருவராவது வெளியே போயிருப்பார் என்பதே என் கணிப்பு. இதற்கிடையே 2004 கோடையில் கிட்டுக்கு இடது முழங்காலில் மைக்ரோஃப்ராக்சர் அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து அவர் மீண்டு வந்து, 2011-இல் டல்லாஸ் அணியோடு 38 வயதில் கோப்பை வென்றார். அதற்குள் தூரத்திலிருந்து போடவும் கற்றுக்கொண்டிருந்தார், 'ஏசன்' என்று சொன்னவர்கள் வாயை மூடினார்கள். ஆனால் 2003-இல் ஸ்பர்ஸ் வாங்கவிருந்தது அந்த 2011 கிட்டை அல்ல.

பார்க்கரோ ஏறுமுகத்தில் இருந்தார். 2005-இல் ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கல்லண்ட் வந்து அவருடைய ஜம்ப் ஷாட்டைப் பிரித்துக் கோத்தார். அடுத்த பருவத்தில் அவர் எடுத்த ஷாட்களில் 54.8 சதவீதம் உள்ளே விழுந்தது. கார்டு இடத்தில் ஆடுகிறவருக்கு இது கொஞ்சம் அநியாயமான எண். 2005, 2007, 2014 என்று மேலும் மூன்று கோப்பைகள். 2007 இறுதிச் சுற்றில் கிளீவ்லாண்டை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர் அவர்.

ஆக, 2003 கோடையில் பட்டியலை எழுதும் பேனா என் கையில் இருந்திருந்தால், பார்க்கரை முதல் ஐவரில் எழுதி, கிளாக்ஸ்டனைப் போகவிடாமல் கடைசிக் கால் பகுதிக்காகப் பிடித்து வைத்திருப்பேன். ஸ்பர்ஸ் முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை. கிளாக்ஸ்டன் அந்தக் கோடையிலேயே கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் இன்னும் ஒரு சீட்டை வைத்திருக்கிறார். "2004-ல என்ன ஆச்சுன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்பார். 2004-இல் லேக்கர்ஸுக்கு எதிராக ஸ்பர்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றது. அதற்குப் பிறகு லேக்கர்ஸ் பார்க்கருக்கு உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டு, நான்கு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக எடுத்தது. ஐந்தாவது ஆட்டத்தில் 0.4 நொடி மீதமிருக்கையில் டெரெக் ஃபிஷர் பந்தை வாங்கித் திரும்பிப் போட்டு 74-73 என்று முடித்ததை யாரும் மறக்கவில்லை. கிட் இருந்திருந்தால் அடைத்த வழியைப் பாஸாலேயே திறந்திருப்பார் என்பது அண்ணன் வாதம், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கடைசி 0.4 நொடியில் ஃபிஷரைக் காத்து நின்றவர் ஜினோபிலி. பாயின்ட் கார்டாக யார் ஆடியிருந்தாலும் அந்தப் பந்து போய்த்தான் இருக்கும் என்று நான் சொன்னபோது, அண்ணன் இன்னொரு வர்க்கியை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை ஆட்டத்துக்கு எந்தப் பையன் என்று மறுபடி கேட்டார். வேகக்காரனைப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். மற்றவனைப் பங்குனி வரை கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்குவதாக இருக்கிறேன்.