4WD ஷார்ட் கோர்ஸ் RC டிரக், சில சீசன் ஓட்டுன பிறகு: டிஃப் தங்கம், பாடிதான் தலைவலி

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தர் கேட்டார், "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 4WD ஷார்ட் கோர்ஸ் டிரக் பாதி விலைக்கும் கீழ வருது, வாங்கிட்டு உங்ககூட ரேஸுக்கு வரவா?"ன்னு. பதில் டைப் பண்ணப் பண்ண நீண்டுகிட்டே போச்சு, அதனால முழுசாவே எழுதிடறேன். இது ரிமோட்ல ஓட்டற நாலு சக்கர டிரைவ் (4WD) வண்டி, நிஜ டிரக்ல பத்துல ஒரு பங்கு சைஸ் (1/10 ஸ்கேல்), ரெண்டு செல் லித்தியம் பேட்டரி (2S லைப்போ), 550 சைஸ் பிரஷ்லெஸ் எலக்ட்ரிக் மோட்டார். என் வண்டி எந்த கம்பெனின்னு சொல்லல, ஏன்னா நான் திட்டப்போற விஷயம் இந்த கிளாஸ்ல ஓடுற எல்லா வண்டிக்கும் பொது.

முதல்ல பிடிச்சத சொல்லிடறேன். சென்டர் டிஃப், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பவர பிரிச்சுக் குடுக்கற நடு டிஃபரன்ஷியல். 2010ல வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் 4x4ல நடுவுல ஸ்லிப்பர் கிளட்ச்தான், சென்டர் டிஃப் வேணும்னா தனியா வாங்கி மாட்டணும். லோசி டென்-எஸ்சிடிஇ, டெக்னோ எஸ்சிடி410 மாதிரி ரேஸுக்குன்னே பண்ண வண்டிங்கள்ல முன், நடு, பின்னு மூணு டிஃப்பும் கூடவே வந்துடும். டிஃபுக்குள்ள ஊத்தற சிலிக்கான் ஆயிலுக்கு நம்பர் கூடக் கூட கெட்டி, நான் போடறது முன்னாடி 5000, நடுவுல 7000, பின்னாடி 3000, டிராக்ல "அஞ்சு-ஏழு-மூணு"ன்னு சொன்னா யாருக்கும் புரியும். டிஃப்ல பவர் எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அங்கதான் ஓடும். கார்னர்ல இருந்து வெளிய வந்து த்ராட்டில முழுசா அமுக்குனா எடை பின்னாடி போயிடும், முன் வீல் லேசாகும், நடு ஆயில் தண்ணியா இருந்தா பவர் அப்படியே முன்னாடி ஓடி டயர் சும்மா சுத்தி வீங்கும், வண்டி நகராது. அதையே கெட்டியாக்குனா பின் வீல் தள்ளும், ஸ்ட்ரெய்ட்ல பாய்ஞ்சு போகும், ஆனா மேடு பள்ளத்துல வண்டி முரட்டுத்தனமா ஆயிடும். தூசி படிஞ்ச வழுக்கல் டிராக்னா 5000க்கு இறங்கிடுவேன், ஈரக் களிமண் நல்லா பிடிக்குதுன்னா 10000 வரைக்கும் போவேன். மோட்டார் மாத்தறதுக்கு ஆகற காசுல ஒரு சின்ன பங்குதான் ஒரு பாட்டில் ஆயில், ஆனா லேப் டைம்ல அதத்தான் முதல்ல பாக்கலாம். ஒரே ஒரு விஷயம், ஆயில் ஊத்திட்டு உடனே மூடாதீங்க, குமிழி எல்லாம் மேல வரட்டும், கியர் மூழ்கற அளவு பாத்துட்டு ஸ்க்ரூவ எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, இல்லன்னா கேஸ்கெட் ஓரமா கசிஞ்சு ரெண்டாவது ஹீட்லயே (ரேஸ் சுற்று) டிஃப் காலியாயிருக்கும்.

டிரைவ்டிரெய்ன் பத்தி குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ஷாக், சர்வோ எல்லாம் ஓகே. டயர் டிராக்குக்கு ஏத்த மாதிரி, அங்க ஓட்டறவங்க எது போடறாங்களோ அதையே போடுங்க.

இப்ப பாடி.

இந்த கிளாஸே நிஜ டிரக் ரேஸ பாத்துப் பண்ணது. விஸ்கான்சின்ல க்ராண்டன்னு ஒரு இடம், 1970ல இருந்து அங்க ஆஃப்ரோடு ரேஸ் நடக்குது, ப்ரோ 4ங்கற நாலு சக்கர டிரைவ் ரேஸ் டிரக்கெல்லாம் வரிசையா நின்னு ஒரே நேரத்துல முதல் கார்னருக்குப் பாயும். அத சின்னதா ஓட்டணும்ங்கற ஆசைதான் 2008ல ஸ்லாஷ் வந்ததும் கிளப்பெல்லாம் நிரம்புனதுக்குக் காரணம். வண்டி டிரக் மாதிரி தெரியணும், ரெண்டு பக்கமும் பம்பர் வேணும், சக்கரத்த மூடுற அகல பாடி வேணும். பக்கத்து வண்டியோட உரசிக்கிட்டே ஓட்டறதுல இருக்கற சந்தோஷமே அந்தப் பாடியாலதான், சக்கரம் வெளிய தெரியற பக்கில அப்படி உரசுனா சக்கரம் சக்கரத்துல மாட்டி ரெண்டும் தலைகீழாயிடும்.

ஆனா அதே பாடி ஜம்ப்ல என்ன பண்ணுது? மூக்கு கொஞ்சம் தூக்குனதும் சக்கர ஓட்டை வழியா, பம்பருக்கு அடியில எல்லாம் காத்து உள்ள புகுந்து பின்னாடி போய் மாட்டிக்கும், வெளிய போக வழியே கிடையாது. காத்துல குடை மடங்கற மாதிரிதான், வண்டி அந்தரத்துல நின்னு மூக்கு வானத்தப் பாக்கும். டபுள்னு சொல்ற ரெட்டை மேட்டத் தாண்ட வேண்டியது ரெண்டாவது மேட்டு மேலயே பின்பக்கமா விழும். அப்புறம் கவுந்த வண்டிய நிமித்தற மார்ஷல் ஓடி வரணும், அதுக்குள்ள நாலு பேர் தாண்டிடுவான். நான் கலிஃபோர்னியாவுல பாலைவனப் பக்கம் இருக்கற வெளிப்புற டிராக்ல ஓட்டறேன், மதியத்துக்கு மேல எதிர்க்காத்து எழும்புனா மெயின் (கடைசி ரேஸ்) முழுக்க இதே கதைதான். போன வார ரேஸ்ல ட்ராக்ஷன் இருந்துச்சு, செட்டப் பக்காவா இருந்துச்சு, காத்து ஒண்ணு மட்டும் போட்டியவே எடுத்துட்டுப் போயிடுச்சு. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.

4WD-ல ஒரு நல்லது, அந்தரத்துல பிரேக் தட்டுனா நாலு சக்கரத்தோட சுழற்சியும் ஒரே நேரத்துல நிக்கறதால மூக்கு சட்டுன்னு கீழ இறங்கும், த்ராட்டில் குடுத்தா தூக்கும். 2WD-ல பின் சக்கரம் மட்டும்தான், அவ்வளவு பிடி கிடைக்காது. அதனால ஓரளவு சமாளிக்கலாம். பேட்டரிய கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சாலும் உதவும், ஆனா கார்னர் விட்டு வெளிய வரப்ப பின்பக்க பிடிப்பு குறையும், அத ஒத்துக்கிட்டுதான் செய்யணும். ப்ரோ-லைன்ல ஃப்ளோ-டெக்னு காத்து வெளிய போற மாதிரியே டிசைன் பண்ண பாடி விக்கறாங்க, அது நிஜமாவே வித்தியாசம் தெரியுது. ஆனாலும் ஓட்டை போடாம முடியாது. முழு டிரக்கும் கச்சிதமா பண்ணிட்டு கடைசில நம்மள கத்திரிக்கோல் எடுக்க வைக்கறது எனக்கு இன்னைக்கும் ஏத்துக்க முடியல.

அதனால தம்பிக்கு என் பதில்: ரேஸுக்குன்னா வேணாம். 2012 வாக்குல எந்த டிராக் போனாலும் இந்த கிளாஸ்ல நாலஞ்சு ஹீட் இருக்கும், இப்ப எங்க பக்கம் கிளாஸ் ஓடறதுக்கு வேணுங்கற மினிமம் வண்டி சேருதான்னு காலையில எண்ணிப் பாக்க வேண்டியிருக்கு. காத்து, ஆள் இல்லாதது, ரெண்டையும் சேர்த்து யோசிச்சா 4WD பக்கி எடுங்க. மேல நான் டிஃப் பத்தி சொன்னது எல்லாம் நிஜம், அது என் முடிவ மாத்தல.

சொல்றத கேக்காம வாங்கப் போறீங்கன்னா, பாடிய பெயின்ட் பண்றதுக்கு முன்னாடியே ஓட்டை வெட்டிடுங்க. பெட் (பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி) பின்சுவர், பின் கண்ணாடி, பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற பகுதி, இந்த மூணு இடம். முனை கூரா விடாதீங்க, ரீமர்ல வட்டமா ஆரம்பிச்சு வளைஞ்ச கத்திரிக்கோல்ல வெட்டுங்க, கூர் முனையிலதான் லெக்சான் (பாடியோட பிளாஸ்டிக்) கிழிய ஆரம்பிக்கும். பெயின்ட் காஞ்சதும் உள்பக்கமா சக்கர வளைவு ஓரத்துல மெஷ் டேப் ஒட்டி மேல ஷூ கூங்கற பசைய தடவிடுங்க. பம்பர்லயும் ஓட்டை போடலாமான்னு உங்க டிராக்ல முன்கூட்டியே கேட்டுக்கங்க, சில இடத்துல ரேஸுக்கு வண்டிய சோதிக்கற டெக் இன்ஸ்பெக்ஷன்ல விட மாட்டாங்க.