லிங்க்ஸ்ல இருந்து மீட்டருக்கு மாத்துற ஆப் – 3 ஸ்டார் தான்

தாத்தா காலத்து எஃப்எம்பி ஸ்கெட்ச்ல, அதாவது நம்ம நிலத்தோட சர்வே வரைபடத்துல, அளவெல்லாம் லிங்க்ஸ்ல தாங்க இருக்கு (நிலம் அளக்குற செயினோட ஒரு கண்ணி தான் ஒரு லிங்க்), இப்போ எல்லாமே மீட்டர்னு ஆயிடுச்சு, சரி கணக்கு போட சோம்பேறித்தனப்பட்டு இந்த ஆப்பை டவுன்லோட் பண்ணேன். கிழக்கு வரப்பு 412 லிங்க்ஸ், அடிச்சா 125.58 மீட்டர்னு காட்டுது!! நம்ம வயலு எப்போ இவ்ளோ நீளமாச்சுன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா தான் இருந்துச்சு.

அப்புறம் செட்டிங்ஸ்ல நோண்டினா தான் தெரியுது, டீஃபால்ட்டா 100 அடி இன்ஜினியர் செயின் வச்சிருக்காங்க, அதுல ஒரு லிங்க் ஒரு அடி. நம்ம பழைய ஸ்கெட்ச்ல இருக்கறது கன்டர் செயின், 66 அடி, 100 லிங்க், அதாவது ஒரு லிங்க் 20.1168 செ.மீ. அதுக்கு மாத்தினதும் 82.88 மீட்டர் வந்துச்சு, டேப் பிடிச்சு பாத்தோம் கிட்டத்தட்ட சரியா இருந்துச்சு. இன்னொரு ஆப்ஷன் 20 மீட்டர் செயின், அதையும் தொட்டுடாதீங்க, இதே வரப்புல அரை மீட்டர் கிட்ட குறையும், பக்கத்து வயல்காரர் கூட சண்டைக்கு அது போதுமே.

ஆஃப்லைன்ல ஓடுது, தமிழ் இருக்கு, அதுக்கு தான் ஸ்டார். ஆனா விளம்பரம் தாங்கல.

பரப்பளவுக்கு ஆப்பே வேணாங்க, நீளம் அகலம் ரெண்டையும் லிங்க்ஸ்லயே பெருக்கி ஆயிரத்தால வகுத்தா சென்ட் வந்துடும். 412 × 250 போட்டா 103 சென்ட், அவ்ளோ தான்.