சதவீதத்தைத் தாண்டிப் பார்த்தால்: ஒப்புமைச் சோதனை மென்பொருளுடன் என் அனுபவம்

கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் விதிகள் கொண்டுவந்த பிறகு, பிஎச்.டி. ஆய்வேட்டை ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒப்பிடும் மென்பொருளில் சோதிக்காமல் சமர்ப்பிக்க முடியாது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் யுஜிசி மையமான இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்சுத்தி திட்டம் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வசதி கிடைக்கிறது. வழிகாட்டியாக அப்போதிருந்தே இந்த அறிக்கைகளைப் படித்துவருகிறேன். மென்பொருள் கட்டாயம் வேண்டும். ஆனால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும் சதவீதத்தைப் பார்த்ததும் மூடிவிட்டால், சோதித்ததே வீண்.

விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதனால் மாணவர்களுக்கு 10க்குள் வந்தால் போதும் என்றாகிவிட்டது. 9 சதவீதம் வந்த ஓர் ஆய்வேட்டில் பெரும்பகுதி ஒரே கட்டுரையிலிருந்து வந்திருந்தது. ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு நிறம் காட்டும் அறிக்கையில், விவாதப் பகுதி முழுக்கப் பத்தி பத்தியாக ஒரே நிறம். இன்னொன்றில் 18. திறந்து பார்த்தால் ‘மாதிரிகள் 4 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்டன’ போன்ற செய்முறை வரிகள்தான், பல இடங்களிலிருந்து துண்டு துண்டாக. நான் திருப்பிக் கொடுத்தது 9 வந்ததைத்தான்.

சோதிக்கும் முன் அமைப்புகளைச் சரிபாருங்கள். மேற்கோள் காட்டிய பகுதி, நூற்பட்டியல் இரண்டையும் விலக்க விதியே அனுமதிக்கிறது. தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போவதும் கணக்கில் வராது. வரைவை மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்க விடாதீர்கள். அடுத்த முறை சொந்த வரைவோடேயே ஒத்துப்போய்ச் சதவீதம் எங்கோ போய்விடும்.

சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடும் கருவியில் ஓட்டித் தருகிறார்கள். ‘பிரெஸ்ட் கேன்சர்’ (மார்பகப் புற்றுநோய்) என்பது ‘புஸம் பெரில்’ (மார்பு ஆபத்து) ஆகிவிடுகிறது! இப்படிப்பட்ட சொற்றொடர்கள் அச்சான கட்டுரைகளிலேயே இருப்பதை 2021இல் பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளிக்கொண்டுவந்தார்கள். மென்பொருள் கோட்டைவிடும் இதை, துறை தெரிந்தவர் ஒருமுறை படித்தாலே பிடித்துவிடலாம்.

அப்புறம், தமிழ் ஆய்வேடுகள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததையோ வெறும் படமாக ஸ்கேன் செய்ததையோ மென்பொருளால் ஒழுங்காகப் படிக்க முடியாது. அதில் வரும் பூஜ்யத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வரவில்லை என்றால், யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டு மறுபடி சோதியுங்கள்.