வான் நீகெர்க் கையில் இருக்கும் வாட்சும் நாம் கட்டக்கூடியதும்

2016 ஆகஸ்ட். இங்கே விடியற்காலை மூன்று மணி ஆகவில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், அக்கா வீட்டு ஹாலில் எல்லோரும் விழித்திருந்தோம். ரியோ ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் நம் நாட்டு ஓட்டக்காரர் வேய்ட் வான் நீகெர்க்குக்கு எட்டாவது தடம் கிடைத்திருந்தது. முன்னால் ஓடுபவர் யாரையும் பார்த்து வேகம் பிடிக்க முடியாத ஓரத்துத் தடம். அதில் ஓடித்தான் 400 மீட்டரை 43.03 விநாடியில் முடித்தார். அமெரிக்காவின் மைக்கேல் ஜான்சன் 1999-இல் வைத்த 43.18 என்ற உலக சாதனை போயிற்று. அக்கா மகன் அன்று சின்னப் பையன். அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

அவன் இப்போது வேலைக்குப் போகிறான். முதல் சம்பளம் வந்ததும் கேட்டது இதுதான்: "மாமா, வேய்ட் கட்டுற வாட்ச் மாதிரி ஒண்ணு வேணும். மூவாயிரம் ராண்ட் வரைக்கும் போடலாம்."

அந்த வாட்ச், ரிச்சர்ட் மில் என்ற சுவிஸ் நிறுவனத்தின் ஆர்எம் 67-02. 2017-இல் அவருக்காகவே பச்சை, மஞ்சள் நிறத்தில், நம் நாட்டு ஜெர்சி போலவே செய்தார்கள். கூடு கார்பன் இழைகளையும் குவார்ட்ஸ் இழைகளையும் அடுக்கடுக்காக அழுத்திச் செய்தது. பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். அவ்வளவு இருந்தும் ஸ்ட்ராப்போடு மொத்த எடை 32 கிராம். எனக்கு அதில் பிடித்தது இந்த 32 கிராம்தான். பெட்டியில் வைத்துப் பூட்டாமல், கட்டிக்கொண்டே ஓடுவதற்கென்று செய்த பொருள். விலையோ ஒரு லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடே வாங்கிவிடலாம்.

முதலில் அவன் போய் நின்றது போலியில். நகரத்தில் ஒரு கடையில் அறுநூறு ராண்டுக்கு வாங்கி வந்துவிட்டான். தூரத்தில் பார்த்தால் அதே பீப்பாய் வடிவம், அதே பச்சை. சமையலறைத் தராசில் வைத்தேன்: 94 கிராம். மேலே தெரிந்த திருகுகள் திருகுகளே இல்லை, அச்சில் வார்த்த புடைப்பு. நகத்தால் நெருடினாலே தெரிந்தது. டர்பன் புழுக்கத்தில் இரண்டு நாள் ஓடினான், கண்ணாடிக்கு உள்ளே ஆவி கட்டிக்கொண்டது. போலி விற்பது 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். அதையும் சொன்னேன். ஆனால் அவன் முகம் விழுந்தது அந்தத் தராசைப் பார்த்தபோதுதான்.

அடுத்து சீக்கோ 5. இதுவும் கை அசைவில் ஓடுவது. பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே எடைத்தகடு சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இயந்திரத்தின் மேல்தான் ஆசை என்றால் யோசிக்காமல் இதை வாங்கலாம். ஆனால் புதிய மாடல்கள் அவன் பட்ஜெட்டைத் தாண்டுகின்றன. இரும்புப் பட்டை வைத்தது நூறு கிராமுக்கு மேல் போகிறது. ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஆனாலும் அது குறையல்ல, அந்த வகையின் இயல்பு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அழகாக இருக்கும், ஓட்டத்துக்கு ஆகாது.

அப்புறம்தான் நான் கட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-இலிருந்து வருகிறது, விலை சில நூறு ராண்ட். எடை 21 கிராம். வேய்ட் கட்டுவதைவிட 11 கிராம் குறைவு! பேட்டரி ஏழு வருடம் வரும். ஒரு மாதத்துக்கே அரை நிமிடத்துக்குள்தான் பிசகும். இன்னொன்றும் உண்டு. ஆர்எம் 67-02-இல் ஸ்டாப்வாட்ச் இல்லை. இதில் நூறில் ஒரு விநாடி வரை காட்டும். 43.03 என்பதை அப்படியே எண்ணாகக் காட்ட வல்லது இதுதான்.

குறையும் இருக்கிறது. விளக்கு மங்கல். கடலில் இறங்கக் கூடாது. ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்தோடு சரி. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவருக்கு அது போதாது: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரக் கெடு. அதற்கு கேசியோவின் ஜி-ஷாக் ஜிஏ-2100. 24 மணி நேரம் எண்ணும், 200 மீட்டர் நீரழுத்தம் தாங்கும், 51 கிராம்தான், பட்ஜெட்டுக்குள்ளும் அடங்கும். நெடுந்தூரம் ஓடுகிற எவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இவன் ஓட நினைப்பது மைதானத்தில் ஒரு சுற்று, அதே 400 மீட்டர். எஃப்-91டபிள்யூவே போதும் என்றேன். மிச்சப் பணத்தில் நல்ல ஷூ வாங்கச் சொன்னேன், வாங்கினான். போன சனிக்கிழமை மைதானத்தில் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்து கையை நீட்டினான்: 1:04.37.