வெள்ளிப் பிரதியா, நிறமிப் பிரதியா?

இலங்கை மலையகத்தின் ஹப்புத்தளையில் விடிகாலை மூடுபனி விலகி, தேயிலை நிரைகளும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் தகரக் கூரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளியும் சில நிமிடங்களைப் படமாக்கிய கலைஞர், அதைப் பத்துப் பிரதிகளுக்குள் வரையறுத்து விற்க முனையும்போது, வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய தாளில் இருட்டறையில் கறுப்பு வெள்ளையாக உருவாகும் வெள்ளி ஜெலட்டின் பிரதியா, பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிடும் பிரதியா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

மூடுபனியின் சாம்பல் படிநிலைகளை வெள்ளிப் பிரதி மிக ஆழமாக ஏந்துகிறது. ஒவ்வொரு பிரதிக்கும் ஒளியைக் கையால் மறைத்தும் கூட்டியும் கொடுப்பதால், 3/10 என்று எண்ணிட்டது 4/10 இலிருந்து நுட்பமாக வேறுபடும். நிறமி அச்சிலோ ஒரே கணினிக் கோப்பிலிருந்து சிரமமின்றி எத்தனையும் எடுக்கலாம் என்பதால், பத்தோடு நிறுத்துவதற்குக் கலைஞரின் வாக்கு ஒன்றே பிணை.

ஆனால் வாங்கியவர் படத்தை மாட்டிவைக்கும் நுவரெலியா போன்ற மலையக ஊர் வீடுகளின் ஈரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், அதில் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் கழுவாத பிரதியில் எஞ்சிய ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் வேதிப்பொருள்) படத்தை மஞ்சளாக்கும். பருத்தித் தாளும் பூஞ்சணத்துக்குத் தப்பாது, அதன் மேற்பரப்பு எளிதில் உராயும். எனினும் கொழுந்தின் இளம்பச்சையை அதுவே தரும். வண்ணப் படத்துக்கு நான் நிறமியையும், மூடுபனிக்கு, செலவு கூடினாலும், வெள்ளியையுமே தேர்வேன்.